சோத்து வேன்

பெலாச்சான் என்கிற இறால் விழுது காயும் வாடை முதலில் மூக்கில் ஏறாது. நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில், மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு காலிக் கிடங்கில் நாங்கள் தங்கியிருந்த மூன்று மாதமும், சோறு, தண்ணீர், கடித்துக்கொண்டே எழுதும் பென்சில் என்று நான் வாயில் வைத்த எல்லாவற்றிலும் அந்த இறால் உப்பு ஒட்டியிருந்தது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடில்லாதவர்கள் என்று ஒரு சொல் இருப்பதும், அது எங்களையும் குறிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. வீடு கொஞ்ச நாளைக்கு இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அதற்கு முன் எங்களுக்கு வீடு இருந்தது. ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. அப்பா குலை வெட்டுகிறவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது, எல்லாருக்கும் மாற்று வீடு உண்டு என்றார்கள். பட்டியல் ஒட்டிய அன்று அப்பா அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து, "மாணிக்கம், நீ செக்ரோல்ல உள்ள நெரந்தர ஆளு இல்லயே. காண்ட்ராக் ஆளுதானே. ஒன் பேரு இதுல வராதுலா, நான் என்னா செய்ய?" என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஆனாலும் மாத முடிவில் கூரைத் தகரத்தைக் கழற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மீன் மொத்த வியாபாரம் செய்த ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அம்மா இறால் உரிக்க வருவதாகச் சொன்னதும், பழைய கிடங்கில் படுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கத்துக்கு அம்மா தார்ப்பாயைக் கட்டினார். அப்பாவுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. பத்தாவது நாள் காலையில், "கெர்லிங் பக்கம் மரக் கம்பெனில ஆளு எடுக்குறாங்களாம். ஒரு வாரத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினார்.

ஒரு வாரம் போனது. ஒரு மாதமும் போனது. அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அந்த நாட்களில்தான் "சோத்து வேன்" எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த சாகுல் பாய் தன் கடையின் பின்கட்டையும் அடுப்பையும் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சரசு அக்கா, இன்னும் இரண்டு பெண்களோடு அங்கே சமைத்து, முன்பு அரிசி ஏற்றிப்போன பழைய வேன் ஒன்றில் வைத்துக்கொண்டு கிளம்புவார். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது, என் அம்மாவும் நானும் உட்பட. சோறு, பருப்புக்கறி, முட்டைக்கோஸ், கொஞ்சம் நெத்திலி சம்பல், எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு "புங்குஸ்", ஒரு பொட்டலம். சந்தைக்கூடத்திலும் பஸ் நிலையத்திலும் கடைகளின் முன்வாசல் நடைவழியிலும் படுத்துக் கிடந்தவர்கள், வேனின் சத்தம் கேட்டதும் எழுந்து வரிசையில் நிற்பார்கள்.

அம்மா முதலில் வரிசைக்கு வரவில்லை. தம்பியையும் என்னையும் அனுப்பிவிட்டு, தான் சந்தையிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார். மூன்றாம் நாளே சரசு அக்கா எங்கள் இருவர் கையிலும் மூன்று பொட்டலம் வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. அந்த வேனில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். "சோத்துக்கு முன்னாடி பேரு கேக்காத" என்பது சாகுல் பாயின் சொல். அங்கே உதவிக்கு வந்த எல்லாருக்கும் அதைத்தான் அவர் முதலில் சொல்வார்.

அப்பா போய் இரண்டு மாதம் இருக்கும். மீன் ஏற்றிப்போகும் லோரி டிரைவர் ஒருவர், கெர்லிங் கடைத்தெருவில் மாணிக்கத்தைப் போல ஓர் ஆளைப் பார்த்ததாகவும், ஆள் மெலிந்து தாடி வைத்திருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அம்மாவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் சோத்து வேன் பத்தாங் காலி வழியாகக் கெர்லிங் வரைக்கும் போகும். அம்மா அன்று மாலை முதல் தடவையாக வேனுக்கு அருகே போனார், பொட்டலத்துக்காக அல்ல.

"அக்கா, கெர்லிங்ல வரிசையில நிக்கிறவங்ககிட்ட மாணிக்கம்னு யாராச்சும் இருக்காங்களான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க."

சரசு அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அது மட்டும் முடியாதும்மா. ஒருத்தர் பேரக் கேட்டா அடுத்த வாரம் பாதிப் பேரு வரமாட்டாங்க. கடன்காரனுக்குப் பயந்தவன் இருப்பான், வீட்டுக்குப் பயந்தவன் இருப்பான். அவனுக்கும் பசிக்கும்ல" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அழவில்லை. நாலைந்து அடி போயிருப்பார், சரசு அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நாங்க கேக்கமாட்டோம். ஒம் பொண்ணு பொட்டலம் குடுக்க வரட்டும். அவளுக்குக் கண்ணு இருக்கு."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மடியில் ஒரு தண்ணீர்க் கேனோடு, சரசு அக்காவுக்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு நான் போனேன். பத்தாங் காலியில் நின்ற எல்லா முகத்தையும் பார்த்தேன். அப்பா அங்கே இல்லை. கெர்லிங்கில் வேன் நின்றபோது உச்சிவெயில். கடை வரிசைக்கு எதிரே ஒரு மழைமரம், அதன் நிழலில் இருபது பேர் போல நின்றார்கள். அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். கை நீட்டுகிறவர்கள் கொடுக்கிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பொட்டலத்தைத்தான் பார்க்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம். தன் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுமோ என்ற கவலை அதைவிடப் பெரிய காரணம். அது எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

தாடியும் குனிந்த தலையுமாக வந்த ஒருவரின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளையாக இருந்தது. என் பழைய பள்ளிச் சட்டையிலிருந்து வெட்டி அம்மா தைத்த பொத்தான். ஆளுக்கு ஒன்றுதான் என்பதை மறந்து, அந்தக் கைகளில் இரண்டு பொட்டலத்தை வைத்தேன்.

"ஒண்ணு போதும்மா," என்றார். யாரோ ஒரு பிள்ளை என்றுதான் நினைத்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

பின்னால் நின்றவர் "கொஞ்சம் நகருங்கலா" என்று சொல்லும்வரை அவர் அசையவில்லை. பிறகு ஒரு பொட்டலத்தோடு காலை இழுத்து இழுத்து நடந்துபோய், மரத்தின் அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் இறங்கி ஓடப்போனேன். சரசு அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தார். "இரு. மொதல்ல சாப்பிடட்டும். பசியில இருக்கிற மனுசன்கிட்ட எதுவும் பேசக் கூடாது." வரிசையில் மீதமிருந்தவர்களுக்கு நான் பொட்டலம் கொடுத்து முடித்தேன். அப்பாவின் முதுகு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அவர் சாப்பிடுவதை நான் அதற்கு முன்பு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கை கழுவிவிட்டு அவராகவே வந்தார். முதலில் கேட்டது, "தம்பிக்கு இருமல் நின்னுச்சா?"

மரக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே கட்டை உருண்டு காலில் விழுந்திருக்கிறது. நடக்க முடியாத ஆளை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. "வெறுங்கையோட எப்படிம்மா வருவேன்? கால் சரியாயிரும். அம்மாகிட்ட என்னையப் பாத்தேன்னு சொல்லாத" என்றார். சரசு அக்கா வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா ஏறவில்லை. சொல்ல மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கிடங்குக்குத் திரும்பியதும், "பாத்தியா?" என்றார் அம்மா. "இல்ல" என்றேன். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. பொட்டலங்களைப் பிரித்து, எங்களுக்கு வைத்தார். தன்னுடையதில் பாதியைத் தினமும் செய்வதுபோல ஒரு தட்டில் எடுத்து மூடினார். அப்பா எந்த நேரத்திலும் வரலாம் என்று அவர் வைக்கும் பங்கு அது. காலையில் அதில் தண்ணீர் ஊற்றித் தானே குடிப்பார். அன்று அந்த மூடியைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அத நீயே தின்னும்மா. அப்பா அங்க சாப்பிட்டுட்டாரு."

அம்மா கை அந்த மூடியின் மேலேயே இருந்தது. "வயிறாரத் தின்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் சரசு அக்கா ஏற்றிக்கொண்டார். கெர்லிங் மழைமரத்தடியில் அப்பா இருந்தார். வரிசையில் நிற்கவில்லை, தாடியை மழித்துக்கொண்டு, துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். வர நினைத்தாரா, வேறெங்காவது போக நினைத்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அம்மா நேரே அவரிடம் போனார். என் வாழ்நாளில் அம்மா தெருவில் குரலை உயர்த்தியது அன்று ஒருமுறைதான்.

"வெறுங்கையோட வந்தா என்னா? கை இருக்குல்ல, அது போதும் எங்களுக்கு. ஆளு வராம இருக்கிறது ஒரு ரோசமா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். சரசு அக்காவும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தம்பி அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டுபோய் வேனில் ஏறிவிட்டான். பையைத் தேடி வருகிறவர்போல அப்பாவும் பின்னால் ஏறினார்.

அதன்பிறகு நடந்தவை சாதாரணமானவை. பத்தாங் காலியில் சாகுல் பாயின் மைத்துனர் கடையில், உட்கார்ந்துகொண்டே காய்கறி நறுக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. கடைக்கு மேலே ஓர் அறையும் கிடைத்தது. நான் படித்து, பத்தாங் காலியிலேயே தாதியாக வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா அந்தக் கடையில் வெகுகாலம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சோத்து வேன் வந்து நிற்கும்போது கீழே போய்ச் சட்டி இறக்கிக் கொடுப்பார். பொட்டலம் கொடுக்க மட்டும் நிற்க மாட்டார்.

சரசு அக்காவும் சாகுல் பாயும் இப்போது இல்லை. அவர்கள் போனதும் வேனும் நின்றுபோனது. நாங்கள் படுத்திருந்த கிடங்கை இடித்து, ஆற்றங்கரை மின்மினிகளைப் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். கெர்லிங்கில் அந்த மழைமரத்தைச் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். பத்தாங் காலி பஸ் நிலையத்தில் இப்போதும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஒரே நிறச் சட்டை போட்ட இளைஞர்கள் வந்து உணவுப் பெட்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பசித்தவனுக்குச் சோறு சோறுதான். படத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒருவர் எப்போதும் இருப்பார், அவரைத்தான் என் கண் தேடும்.

அப்பா மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில், தன் கட்டிலில் இறந்தார். அந்த இரண்டு மாதமும் கெர்லிங்கில் எங்கே படுத்திருந்தீர்கள், மழை பெய்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று அவர் இருந்தவரை ஒவ்வொரு தீபாவளியின்போதும் நினைப்பேன். சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிடுவேன். அம்மாவும் கேட்டதில்லை என்று சொல்கிறார்.