ஒன்றரை கிலோ

ரூசே நகரத்தில் பதினெட்டு வருஷமாக டிராலிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த திரிஃபோனுக்குத் தன் எடை என்ன என்பது ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரியவந்தது. தம்பி ஒக்னியானுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதற்காகத் தலைநகர் சோஃபியாவுக்குப் போயிருந்தார். அங்கே நிறுத்தார்கள். நூற்றுப் பதின்மூன்று கிலோ. இரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. இந்த உடம்புதான் குறுக்கே நின்றது.

"எண்பத்தொன்பதுக்குக் கீழ வாங்க, சர்க்கரையும் இறங்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணை எடுத்துட்டா உங்களுக்கு மிச்சம் ஒண்ணுதான். அது உங்களைத் தாங்கணும் இல்லையா?"

ஒக்னியான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவன். சிறு வயதிலிருந்தே ஒல்லி. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்து இன்னும் வற்றிப்போயிருந்தான்.

"எவ்வளவு குறைக்கணுமாம்?"

"இருபத்தி நாலு."

"யம்மா! ஒரு ஆட்டையே இறக்கி வைக்கணும்போல இருக்கே" என்று சிரித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அது மே மாதம்.

திரிஃபோனின் வீட்டில் ரொட்டி இல்லாமல் சாப்பாடு ஆரம்பித்ததே இல்லை. தட்டு வருவதற்குள் அவர் பாதி ரொட்டியைப் பிய்த்துத் தின்று முடித்திருப்பார். அவர் மனைவி நெவேனா மறுநாளே ரொட்டி டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்தாள். அவித்த பயறு, பச்சை முட்டைக்கோஸ், தயிர், எண்ணெய் படாத மீன். ராக்கியாச் சாராய பாட்டிலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். "உன் தம்பி பொழைச்சு எழுந்ததும் திருப்பி வாங்கிக்கலாம்யா" என்றாள்.

டிப்போவில் அவர் முட்டைக்கோஸ் மெல்லுவதைப் பார்த்து ஸ்பாஸ் என்ற சக டிரைவர் விடவில்லை. "என்னப்பா திரிஃபோன், முயலோட குடித்தனமா? இல்ல, புதுசா பொண்ணு ஏதும் பார்த்து வச்சிருக்கியா?" திரிஃபோன் காரணத்தைச் சொல்லவில்லை. கொடுத்து முடிக்கும் முன்பே சொல்லிக்கொள்வது பெருமையடிப்பதுபோல இருக்கும் என்று நினைத்தார்.

வேலை முடிந்து டிப்போவிலிருந்து வீட்டுக்கு ஆற்றங்கரை வழியாக ஆறு கிலோமீட்டர் நடந்தார். முதல் மாதம் முழங்கால் வீங்கியது. ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நடையைவிடக் கொடுமையானது சந்தை நிறுத்தம். அங்கே ரொட்டிக்கடை வாசலை ஒட்டித்தான் பஸ் நிற்கும். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பானிட்சாவின் வெண்ணெய் வாசம் ஆட்களோடு சேர்ந்து ஏறும். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒக்னியான் ஃபோன் செய்வான். "இன்னைக்கு எவ்வளவு?" ஆரம்பத்தில் கேலியாகக் கேட்டான். இலையுதிர் காலம் வந்தபோது கேலி போய்விட்டது. அக்டோபரில் மூன்று வாரம் முள் அசையவே இல்லை.

"நூத்தி ரெண்டுதான்டா. என்ன பண்ணினாலும் இறங்க மாட்டேங்குது."

 ஒக்னியான் சொன்னான்: "பரவால்லண்ணா. நல்லா மெதுவா மென்னு தின்னு. எனக்கு என்ன அவசரம்?"

அன்று மதியம் திரிஃபோன் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து காலையிலும் நடக்கத் தொடங்கினார். பனி விழுந்தது, நடந்தார். ஜனவரி கடைசியில் தொண்ணூறு. மார்ச் பத்தாம் தேதி சோஃபியாவில் மறுபடி பார்ப்பதாக நாள் கொடுத்திருந்தார்கள். ஒக்னியான் மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டிய பையைக்கூடக் கட்டிவிட்டான்.

பிப்ரவரி பதினான்கு திரிஃபோனின் பெயர்நாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். திராட்சைக் கொடி வெட்டுகிற நாள். அன்றைக்கு யாரையும் அழைக்கவும் வேண்டாம், தடுக்கவும் முடியாது. டிப்போ ஆட்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டார் வந்தார்கள், ஒக்னியானும் அவன் மனைவி ராத்காவும் வந்தார்கள். நெவேனா பன்றிக் கறியும் ஊறிய முட்டைக்கோஸும் சமைத்திருந்தாள். அன்று மட்டும் ரொட்டியை மறுபடி மேசைக்கு இறக்கினாள். திரிஃபோன் முன்னால் ஒரு தட்டுச் சாலட் மட்டும் இருந்தது.

பெண்கள் சமையலறையில் இருந்த நேரத்தில் ஒக்னியான் வைன் கூஜாவை எடுத்து அண்ணன் கிளாஸில் ஊற்றினான். மருத்துவர் சொன்னபடி அவனுக்கு நாளெல்லாம் சேர்த்தே நாலு கிளாஸ் தண்ணீர்தான்.

"குடிண்ணா. உன் மூஞ்சி எனக்குப் பார்க்கச் சகிக்கல. இன்னைக்கு ஒருநாள் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ தின்னு, நான் பார்க்கிறேன்."

"வேணாம்டா."

"நான்தானே சொல்றேன்."

திரிஃபோன் குடித்தார். பிறகு ரொட்டியைப் பிய்த்தார். ராத்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் வாய் நிறையக் கறி இருந்தது. அவள் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். 

ஒரு நாளோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒன்பது மாதமாக அடக்கி வைத்தது உடைந்து கொட்டியது. மறுநாள் சந்தை நிறுத்தத்தில் இறங்கி ஒரு பானிட்சா வாங்கினார். அதற்கடுத்த நாள் இரண்டு. கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைக் காலியாக நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் தின்றார். தின்னும்போதே அழுகை வந்தது. பத்து நாள் இப்படிப் போனது. பிறகு பயந்துபோய் நிறுத்தினார். பட்டினி கிடந்தார், ஓடினார்.

மார்ச் பத்தாம் தேதி தொண்ணூறரை. சர்க்கரையும் மறுபடி ஏறியிருந்தது.

"ரொம்ப நல்லா குறைச்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்சம்தான். ஜூன்ல வாங்க."

ரயிலில் திரும்பும்போது தம்பி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். ப்ளெவென் தாண்டிய பிறகு கேட்டான்: "ஒன்றரை கிலோவா?"

"ஆமாண்டா."

"சரி."

ஏப்ரலில் ஒக்னியானுக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் குழாய் வழியாகத் தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது. ஐந்தாம் நாள் இறந்தான். மார்ச்சில் தேறியிருந்தாலும் ஏப்ரலுக்குள் அறுவை நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது, இன்னும் எத்தனையோ பரிசோதனைகள் பாக்கி இருந்தன என்று டாக்டரம்மா ஃபோனில் விளக்கினார். திரிஃபோன் கேட்டுக்கொண்டார். அது மனதில் ஒட்டவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அவித்த கோதுமை, மீன், வைன். ராத்கா தன் கையாலேயே ஒரு தட்டை நிறைத்து, ரொட்டித் துண்டு இரண்டை மேலே வைத்து, அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா. இனிமே யார் உங்களை எடை போடப் போறாங்க?"

 அவன்தான் ஊற்றிக் கொடுத்தான் என்ற வார்த்தை திரிஃபோனின் நாக்கு நுனி வரை வந்தது. செத்தவன்மேல் பழியைப் போட்டுவிட்டு எப்படி எழுந்து வீட்டுக்குப் போவது? கரண்டியை எடுத்தார். எல்லோரும் பார்க்கத் தட்டைக் காலி செய்தார். எதன் ருசியும் தெரியவில்லை.

அதன்பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜூனில், யாரும் கேட்காமலே, எண்பத்தைந்துக்கு வந்திருந்தார். டிப்போ மருத்துவர் சர்க்கரை சரியாகிவிட்டது என்று கை குலுக்கினார். ஸ்பாஸ் முதுகில் தட்டினான். "பத்து வயசு கொறஞ்சுட்டப்பா! எப்படிடா சாதிச்ச? எனக்கும் சொல்லிக் கொடேன்." திரிஃபோன் அவன் கையை விலக்கிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

நவம்பரில் ராத்கா ஒரு பையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். ஒக்னியானின் குளிர்கோட்டு. கூட ஒரு வரியும் இல்லை. நெவேனா அதை விரித்துப் பிடித்தாள்.

"போட்டுத்தான் பாரேன்யா."

ஜூனுக்குப் பிறகு இன்னும் பத்துக் கிலோ இறங்கியிருந்த அவருக்குத் தோள் சரியாக இருந்தது. பொத்தான்கள் சிரமமில்லாமல் மாட்டின. கழற்ற மனம் வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கவும் முடியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதையே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். ஒரு நாள் காலை சந்தை நிறுத்தத்தில் ராத்கா நின்றிருந்தாள். கதவு திறந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்து, நிமிர்ந்து ஓட்டுநர் இருக்கையில் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துக்கொண்டாள்.

"ஏறும்மா ராத்கா, குளிருது" என்றார்.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்."

பின்னால் இருந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். திரிஃபோன் கதவை மூடினார்.