நடுவில் பதினாறு

நானூற்றுப் பன்னிரண்டு தேள்களின் நஞ்சு. ஐந்து ஆண்டுகள் திருத்தணியிலிருந்து ரயிலில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து அதிலிருந்து நான் பிரித்தெடுத்தது ஒரே ஒரு புரதத் துண்டு. குப்பியின் அடியில் வெள்ளைத் தூளாக ஒட்டியிருந்தது. இரண்டு மில்லிகிராம்கூட இல்லை. அதன் மூலக்கூறு எடை தெரிந்தால்தான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நிற்கும். அவ்வளவு பெரிய மூலக்கூறை உடைக்காமல் எடைபோடும் நிறைமாலைமானி, எண்பதுகளின் தொடக்கத்தில், வெளியூர் ஆய்வகம் ஒன்றில்தான் இருந்தது. எட்டு மாதம் காத்திருந்து முறை வந்தது.

புறப்படும் காலையில் என் மனைவி மறித்தாள். "முருகன் கால்ல வெச்சி எடுத்துகினு போங்க பாவா."

"இது இன்னா பூஜை சாமானா?"

"தேளே போய்ட்சி, வெறும் தூளு. சாமிய கொட்டிடவா போவுது?"

முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். குருக்கள் குப்பியை உள்ளே கொண்டுபோய், திருநீற்றோடு திருப்பித் தந்தார். பூசிக்கொண்டேன். இறங்கும்போது பாதியில் ஒரு கவலை: மூடி இளகியிருக்குமோ? திறந்தேன், பார்த்தேன், மூடினேன். விரலில் திருநீறு இருந்தது. அந்தத் தூளிலிருந்து உப்பை நீக்கவே பதினொரு நாள் செலவிட்டவன் நான்.

ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் வாரம் வரைபடம் தபாலில் வந்தது. ஒற்றைக் கூர்முனை எழவேண்டிய தாளில் இரண்டு மங்கிய மேடுகள். என் பேராசிரியர் கோயிலுக்குப் போகாதவர். போகிறவர்களை விடாமல் கிண்டலடிப்பவர். ஸ்கேலை வைத்து அளந்தார்.

"நடுவுல பதினாறு. ஒண்ணு சோடியம் ஒட்டினது, ஒண்ணு பொட்டாசியம்னு வெச்சா சரியா வருது. ஆனா ஆக்சிஜன் ஏறினாலும் பதினாறுதான்; எதுன்னு தெரியாம எடைய சொல்ல முடியாது. எங்கயாவது உப்பு, சாம்பல் பட்டுச்சா?"

பட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், கழித்துப் பார்த்து எடையை எழுதியிருப்போம். திருநீறு என்றால் அந்தத் துறையே ஒரு மாதம் சிரிக்கும்.

"இல்ல சார்."

"அப்ப இத வெச்சு ஒண்ணும் எழுத முடியாதுப்பா."

குப்பியில் மிச்சமில்லை. ஐந்து அத்தியாயங்கள் நான்காயின.

வீட்டில் நுழைந்ததும் மனைவி கேட்டாள், "எடை தெரிஞ்சிட்சா பாவா?"

"ஆங்."

மறுநாளே அவள் படியேறி, வேண்டுதலை முடித்து வந்து, என் நெற்றியில் திருநீறு இட்டாள்.