ஒழுங்கைக்கு விட்ட ஒரு முழம்

எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கையை அகலமாக்கப் போவதாக ஊர்ச் சபை அறிவித்த அன்றுதான் அம்மா முதன்முதலாகச் சபைத் தலைவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். மடத்துவெளியில் அந்த ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. கிணற்றுத் தண்ணீர் உவர். குடிதண்ணீரைச் சபையின் பவுசர் வண்டி கொண்டுவரும். ஒழுங்கைக்குள் நுழைய இடமில்லாமல் தெருவிலேயே நின்றுவிடும். நான் வேலைக்குப் போன பிறகு, முழங்கால் வீங்கிய அம்மா வாளியோடு அங்கே போய்ச் சுமந்து வருவார். ஒழுங்கை அகன்றால் பவுசர் வாசலுக்கே வரும்.

அந்த வேலைக்காக, வீடு வளவுக்குச் சபை அறவிடும் சோலைவரி ஏறியது. முந்திய வருடமும் ஏறியதுதான்; அது சபைக் கட்டடத்துக்கு மதிலாகவும் தலைவருக்குச் சுழல் கதிரையாகவும் போயிற்று. இந்த முறை அம்மா முறுமுறுக்காமல் கட்டினார்.

ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மனிதர்களின் காணி. ஒருவர் பரம்பரைக் கமக்காரர், கோயிலில் முதல் காளாஞ்சி மரியாதை தனக்கே என்று நிற்பவர். மற்றவர் தெற்கே கடை வைத்திருந்து, எண்பத்துமூன்று கலவரத்தில் அது எரிய, உடுத்த துணியோடு கப்பலேறி வந்தவர். முழுக் கடையையும் வாய் திறவாமல் விட்டுவிட்டு வந்த மனிதர், இங்கே ஒரு முழம் புழுதிக்குக் கோட்டுக்குப் போவேன் என்று குதித்தார். அவர்மேல் எனக்கிருந்த இரக்கம் அன்றோடு போய்விட்டது.

நிற்கிற வேலியிலிருந்து ஆளுக்கு ஒரு முழம் உள்ளே விடவேண்டும் என்பது சபையின் தீர்மானம். அதை எழுதிய புத்திசாலி எந்த ஊரில் பிறந்தானோ! எங்கள் தீவில் வேலி ஒருநாளும் ஓரிடத்தில் நின்றதில்லை. ஓலை மாற்றி அடைக்கிற ஒவ்வொரு தடவையும், வேலிக்கு நடுகிற கதியால் தடி ஒரு விரலளவு வெளியே வரும்.

அளக்க வருகிறார்கள் என்றதும் இரண்டு பேரும் காலமில்லாத காலத்தில் வேலி அடைக்கத் தொடங்கினார்கள். புதுக் கதியால்கள் ஒரு முழம் ஒழுங்கைக்குள் இறங்கி நின்றன. கமக்காரர் அதற்குமேல் ஒரு சாணும் இறக்கியிருந்தார்.

"என்னண்ணை, இப்ப வேலி அடைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"கறையான் தம்பி. சபை வரேக்கை வேலி வடிவா இருக்க வேண்டாமே?" என்றார், முகத்தில் ஒரு வெட்கமும் இல்லாமல்.

தலைவரும் நிலம் அளக்கும் சேவையரும் வேலையை மேற்பார்க்கும் ஓவசியரும் இரண்டு வாகனத்தில் வந்து, கமக்காரர் வீட்டில் சேவற்கறியோடு சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே அளந்தார்கள். பழைய கதியால் நின்ற குழிகளை நான் காட்டினேன்.

"நீர் சும்மா குழப்பாதையும். பெரிய மனுசர் மனமுவந்து குடுக்கினம்," என்றார் தலைவர்.

சபையின் செலவிலேயே வேலிகள் ஒரு முழம் பின்னால் போயின. கடைக்காரரின் வேலி பழைய இடத்துக்கே திரும்பியது. கமக்காரரின் வேலி பழைய இடத்தைவிட ஒரு சாண் வெளியே நின்றது. கொடைவள்ளல்கள் இருவருக்கும் தலைவர் மாலை போட்டார். வரிகட்டி நாங்கள் ஒழுங்கையை ஒடுக்கிக்கொண்டோம்.

பவுசர்காரன் இறங்கி வந்து பார்த்துச் சிரித்தான். "முந்தி ரெண்டு சைக்கிள் விலத்திப் போகும். இப்ப அதுவும் ஏலாது அண்ணை."

அம்மா திரும்பவும் வாளியைத் தூக்கினார். அந்த மார்கழி மழையில், நிறைந்த வாளியோடு ஒழுங்கைச் சேற்றில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வாடகைக் கார் தெருவிலே நின்றுவிட்டது. அம்மாவைக் கதிரையில் இருத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒடுங்கிய இடத்தில் கதிரைக் கால் வேலியில் கொளுவிக்கொண்டது. கமக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மெல்ல, மெல்ல, தம்பி!"

ஒரு கணம், அம்மாவுக்காகத்தான் பதறுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"புது ஓலையடா, கிழிஞ்சிடும்!"

அம்மா நோவில் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

"அவரை ஒரு முழம் தள்ளி நிக்கச் சொல்லு தம்பி," என்றார். "நான் போகவேணும்."