யென்ஸின் சைப்ரஸ்

கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து மார்லிஸ் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். தாளில் விழுந்த தூசியில் சிவப்பாக ஏதாவது நகர்ந்தால் அது இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன். "வந்துட்டீங்களாடா, தடிப்பசங்களா!" என்று வைதுவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருகுகிறாள்.

ஜெர்மனியில் முன்ஸ்டர் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு முப்பத்தொரு வருடமாக அவள்தான் தோட்டக்காரி. கல்லறைகளின் மேல் நிற்கும் குட்டைச் சைப்ரஸ் மரங்கள் அவள் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு விரற்கடை வளர்ந்தால் பெரிய காரியம். டிசம்பர்க் குளிரிலும் வாளியோடு அலைவாள். "பனியில கருகிப்போச்சும்பாங்க. பனியாவது ஒண்ணாவது! தாகத்துல செத்துது." மனைவியின் கல்லறையில் கத்தரியோடு குனிந்த கிழவரையும் விடமாட்டாள். "கீழ போடுங்க ஐயா! பழுப்புக் கட்டைல வெட்டுனா மறுபடி தளிர்க்காது. உங்க சம்சாரத்துக்குக் காலம்பூரா வழுக்கைத் தலையா?"

குழந்தைகள் வரிசையில் அவளுடைய மகன் யென்ஸும் இருந்தான். நாலு வயதில் மூளைக்காய்ச்சல். அந்த வரிசைக்கு இருபத்தைந்து வருடம்தான் தவணை, நீட்டிப்புக் கிடையாது; பிறகு கல்லறையைக் கலைத்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ பெற்றோரிடம் இதை முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னவள் அவள். போன வசந்தத்தில் யென்ஸின் கல்லிலும் தவணை முடிந்ததென்ற மஞ்சள் சீட்டு ஏறியது. ஒட்டியது மார்லிஸ்தான், அது அவள் வேலை.

அக்டோபரில் மண் தோண்டும் வண்டி வந்தது. ஓட்டுநர் டெட்லெஃப் யென்ஸின் கல்லை அகற்றிவிட்டு, கல்லறை மேல் நின்ற சைப்ரஸைத் தொடாமல் இயந்திரத்தை நிறுத்தினான்.

"மரத்த நீங்க எடுத்துக்கங்கக்கா. தொட்டி கொண்டாந்திருக்கேன். வேர்மண்ணு கலையாம பேத்துட்டா, உங்க வீட்டுல பொழைச்சுக்கும்."

"எனக்கே பாடமா? மண்ணு உதிர்ந்தா ஒரு மாசம் தாங்காதுன்னு தெரியாதா எனக்கு?"

யென்ஸிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்கு அந்த மரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. சுற்றிலும் தோண்டி, இருவருமாக அந்த முழங்கால் உயர மரத்தைத் தூக்கிக் குழியோரம் வைத்தார்கள். டெட்லெஃப் தொட்டியை நகர்த்தி வந்தான்.

மார்லிஸ் வேர்களுக்கிடையே இருந்த, யென்ஸ் கலந்துபோன கரிய மண்ணையே பார்த்தாள். பிறகு குழியின் விளிம்பில் உட்கார்ந்து மரத்தை மடியில் கிடத்தினாள். வேர்களுக்குள் விரல்களை விட்டு மண்ணைக் குழிக்குள் உதிர்த்தாள்.

"அக்கா! மரம் செத்துரும்க்கா!"

"மரம் என்னோடது. மண்ணு அவனோடது."

கடைசி வேர் வெறுமையாகத் தெரியும்வரை அவள் உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.