நோரீன் திருப்பி வைத்த கல்

ஏப்ரல் வந்தால் எங்கள் கான்சஸ் குன்றுகளுக்குத் தீ வைத்துவிடுவோம். பழைய புல் எரிந்து புதுப்புல் கிளம்பினால்தான் மாடு கொழுக்கும். தீ அணைந்து ஒரு நல்ல மழையும் பெய்துவிட்டால், கருகின தரையில் சுண்ணாம்புக்கற்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். அப்போது பார்த்தால், கையில் ஒரு கொக்கிக் கம்பியோடு முட்டி போட்டு, ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சரிவில் ஏறுகிற ஆட்கள் சிலர் தென்படுவார்கள். புதையல் தேடவில்லை. பாம்பு தேடுகிறார்கள். நோரீன் உன்ரூ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா கழுவுகிறவள். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, சதா வலிக்கிற முதுகு. அவளுக்கு இது என்ன பைத்தியம் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கேட்டால் சிரிப்பாள். "ஒவ்வொரு கல்லுக்கும் கீழ ஒரு வீடு இருக்கு. கதவைத் தட்டிட்டு வர்றேன்" என்பாள். ஒரு கல்லடியில் விரல்நீளத்துக்கு வளையக் கழுத்துப் பாம்புகள் கொத்தாகக் கிடக்கும். பயந்தால் வாலைச் சுருட்டி அடிப்பக்கத்துச் சிவப்பைக் காட்டும். இன்னொன்றின் அடியில் கட்டைவிரல் அகலத் தேரை ஒன்று ஒரு பெரிய மயிர்ச்சிலந்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். எல்லாம் ஏப்ரல், மே வரைக்கும்தான். வெயில் ஏறிவிட்டால் அத்தனையும் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும். பிறகு கல்லைத் தூக்கினால் எறும்புதான்.

இந்த வேலைக்கு இரண்டு சட்டம் உண்டு, இரண்டில் எதை மீறினாலும் மற்றவர்கள் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். தூக்கின கல்லை அது இருந்த குழியிலேயே, இருந்த வாக்கிலேயே வைக்க வேண்டும். விரலளவு இடைவெளி விட்டாலும் காற்றுப் புகுந்து அடிமண் காய்ந்துவிடும். அப்புறம் வருஷக்கணக்கில் அங்கே ஒன்றும் அண்டாது. இரண்டாவது, முதலில் கல், அப்புறம் பாம்பு. கல்லை வைத்துவிட்டுப் பாம்பை ஓரமாக விட்டால் அது தானாக உள்ளே நுழைந்துகொள்ளும். பாம்பை விட்டு அதன்மேல் கல்லை வைக்கக் கூடாது. அப்படி யாரோ வைத்துவிட்டுப் போன கல்லடியில் தோல்வாராகக் காய்ந்து கிடந்த பாம்பை நோரீன் ஒருமுறை பார்த்திருக்கிறாள். செய்தவனை அன்றைக்கெல்லாம் திட்டித் தீர்த்தாள்.

அவளுக்கென்று இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். புருஷன் எல்டன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எல்டன் ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் எழுந்து பார்த்தான், கூடத்திலேயே மறுபடி விழுந்தான், அதோடு சரி. டிவிக்கு எதிரே உள்ள நாற்காலிதான் வாசம். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, சாக்ஸ் மாட்டிவிடுவது எல்லாம் நோரீன். அவள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குப் பக்கத்தில் காபிக் குடுவையும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போவாள். சனிக்கிழமை மட்டும் எல்டனின் அக்கா டார்லா வந்து உட்காருவாள், நோரீன் குன்றுக்குப் போவாள். எல்டன் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. "போ, போ. எனக்கென்ன, இந்தச் சுவத்தைப் பாத்துட்டு இருக்கேன்" என்பான். போ என்று சொல்லியே ஆளைக் கட்டிப்போடுகிற சாமர்த்தியம் சில பேருக்கு உண்டு.

அந்த வருஷம் ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை, கேலன் பெங்கரின் மேய்ச்சல் நிலத்தில், மேஜைப்பலகை அகலத்துக்கு இருந்த ஒரு கல்லை நோரீன் தூக்கினாள். எதிர்ப்பக்க விளிம்பில் கொக்கியை மாட்டித் தன் பக்கம் சாய்த்துத் தூக்க வேண்டும். விஷப்பாம்பு இருந்தால் கல்லே நடுவில் மறைப்பாக நிற்கும். அடியில் இருந்தது விஷமில்லாத பால்பாம்பு. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாக, மழை ஈரத்தில் இப்போதுதான் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வசந்தமாகத் தேடி அவள் கண்ணில் படாத பாம்பு. கல்லைத் தன் பக்கமாக மல்லாத்திவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டாள். அது அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, கட்டைவிரலை முகர்ந்து பார்த்தது. 

அப்போதுதான் மேலே பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது. கேலன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன்.

"நோரீன், பாம்புகிட்ட குசலம் விசாரிச்சது போதும், வா."

"இரு கேலன், பால்பாம்பு. வந்து பாரேன்."

"டார்லா போன் பண்ணா. எல்டன் விழுந்துட்டானாம். உடனே வரச் சொன்னா."

கை தானாக வேலை செய்தது. பாம்பைக் கீழே வைத்தாள், கல்லைச் சாய்த்தாள், ஓடினாள்.

வீட்டில் எல்டன் தரையில் தலையணை வைத்துப் படுத்தபடி பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். ரிமோட்டை எடுக்கக் குனிந்து நாற்காலியிலிருந்து நழுவிவிட்டானாம். ஒரு கீறல் இல்லை. டார்லாதான் முகம் சிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனைத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

"நோரீன், சொல்லிட்டேன்," என்றாள் டார்லா, கோட்டை மாட்டிக்கொண்டே. "இனி சனிக்கிழமை என்னை எதிர்பாக்காதே. என் தம்பிதான், இல்லேங்கல. ஆனா என்னால தூக்க முடியாது. நான் விழுந்தா என்னை யாரு தூக்குறது?"

"இந்த ரெண்டு மாசம் மட்டும் வா டார்லா. மே முடியட்டும்."

"நீ கல்லு பொரட்டுறதுக்காக நான் இடுப்பை ஒடிச்சுக்கணுமா?"

 டார்லா போய்விட்டாள், சனிக்கிழமையும் அவளோடு போய்விட்டது. எல்டன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நீ போகணும்னா போ நோரீ. நான் யாரையும் பிடிச்சு வெக்கல" என்றான்.

சாயங்காலம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கத்தி நின்றுவிட்டது. பாம்பை ஓரமாக விட்டோமா? கண்ணை மூடி யோசித்தாள். கை குழிக்குள் போனது நினைவிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து அதை உருவி அந்த ஈர மண்ணில் வைத்தது நினைவிருக்கிறது. அப்புறம் கல்லின் கனம். நடுவில் வேறொன்றும் இல்லை. பாம்பை வைத்து, அதன்மேல் கல்லை வைத்துவிட்டாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் எல்டன்.

சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஒரு பாம்புக்கா இந்த முகம்? நான் தரையில கெடந்தப்போ இந்த முகத்தைக் காணோமே" என்றான் அவன்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பள்ளிக்கூடத்தில் மக்ரோனியைக் கிளறும்போதும், எல்டனின் முதுகுக்குச் சோப்புப் போடும்போதும், அந்தக் கல் அவள் நெஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தது. செத்திருந்தால் தொலையட்டும் என்றாவது இருந்துவிடலாம். பாதி நசுங்கி உயிரோடு கிடந்தால்? வேலை முடிந்தால் நேரே வீடு. ஐந்து நிமிஷம் தாமதமானால் எல்டன் கடிகாரத்தைப் பார்ப்பான். கேலனிடம் போனில் சொன்னாள். அவன் சிரித்தான். "என்ன, நான் போய் ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா? அந்தச் சரிவுல எந்தக் கல்லுன்னு எனக்கெப்படித் தெரியும்?" அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமை விடிந்தது. ராத்திரி பெய்த மழையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. வருஷத்தில் இப்படி நாலு நாள் வந்தால் அதிகம். நோரீன் ஜன்னலருகே நின்றாள், நாற்காலியைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் முதல்முறையாகப் பொய் சொன்னாள்.

"ரொட்டி தீந்துபோச்சு. டவுனுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"நானும் பசியோடதான் இருக்கேன்," என்றான் எல்டன். "சீக்கிரம் வா."

பூட்ஸை வண்டியில் முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்தாள். திருட்டுத்தனம் செய்கிற சின்னப் பெண் மாதிரி, கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சரிவில் அந்தக் கல்லைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. அவசரத்தில் கோணலாக வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கை அப்படி ஒரு கல்லை வைத்ததில்லை. கொக்கியை மாட்டிவிட்டு அப்படியே நின்றாள், தூக்கத் தைரியம் வரவில்லை. பிறகு தூக்கினாள்.

பாம்பு உயிரோடு இருந்தது. கல்லின் ஒரு மூலை கூழாங்கல் மேல் நின்றிருந்ததால் அடியில் ஒரு சாஸர் அளவுக்கு இடம் கிடைத்திருந்தது. மண்ணுக்குள் இறங்குகிற பொந்தையும் சுற்று ஓரத்தையும் கல்லின் கனம் அடைத்துவிட்டது. அந்த சாஸருக்குள் ஒரு வாரமாகச் சுருண்டு கிடந்திருக்கிறது. நிறம் மங்கி, ஒரு பக்கம் உரசி உரசிச் செதில் தேய்ந்திருந்தது.

"மன்னிச்சுடு," என்றாள் நோரீன். "போ. வெளிய போ."

அது போகவில்லை. மேலே வானம் திறந்திருக்கிறது, சுற்றிலும் எத்தனையோ கல் இருக்கிறது, அது அந்த வட்டத்துக்குள்ளேயே கிடந்தது. அவள் இரண்டு கையாலும் அதை எடுத்து வெயில் படும் இடத்தில் விட்டாள். பொந்தின் வாயைச் சுரண்டித் திறந்தாள், கூழாங்கல்லை எடுத்தாள், கல்லை அதன் பழைய குழியில் சரியாக உட்கார வைத்தாள். பாம்பு வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தது. அப்புறம் மெல்ல நகர்ந்து, நேராக வந்து, அதே கல்லின் ஓரமாகத் தலையை நுழைத்து உள்ளே போய்விட்டது.

"அடப் பைத்தியமே. உன்னை அமுக்கி வெச்ச கல்லுக்கடியிலேயே போறியே" என்று சொல்லிச் சிரித்தாள் நோரீன். சிரித்துக்கொண்டே மணியைப் பார்த்தாள், வீட்டு ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது.

வீட்டுக்குத் திரும்பியதும் வண்டியைக் களஞ்சியத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். பூட்ஸைக் கழற்றி, கையில் ஒட்டின கரியைக் குழாயடியில் கழுவலாம் என்று. தெற்குக் காற்று பலமாக அடித்ததில் வண்டிச் சத்தம் வீட்டுக்குக் கேட்டிருக்காது. குழாயடியிலிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் தெரியும்.

எல்டன் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

இடுப்பை மேடையில் சாய்த்திருந்தான், வலது காலைக் கொஞ்சம் இழுத்தான், ஆனால் நின்றான். நடந்தான். ஊன்றுகோல் சட்டம் பக்கத்தில் இல்லவே இல்லை. பிரிட்ஜைத் திறந்து வெண்ணெய் எடுத்தான், வாணலியில் முட்டையைப் புரட்டினான், நின்றபடியே தட்டில் போட்டுச் சாப்பிட்டான். அது இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுந்த ஆள் செய்கிற வேலையாக இல்லை. கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கை தேடவே இல்லை.

நோரீனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. குளிப்பாட்டினது, தூக்கினது, முதுகு விட்டுப்போனது, போன சனிக்கிழமை தலை தெறிக்க ஓடிவந்தது. உள்ளே போய் அந்த வாணலியாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டாள். அதற்குள் எல்டன் வாணலியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தான். அவள் வண்டி வருகிறதா என்று. அந்த முகத்தில் திருட்டு இல்லை, பயம் இருந்தது. நடக்கிறவனாகிவிட்டால் இவள் போய்விடுவாள் என்கிற பயம். நோரீனுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் ஒன்றும் குறையவில்லை, கால்தான் நின்றுவிட்டது.

இப்போது கதவைத் திறந்தால் அவன் அந்த இடத்திலேயே பதறி விழுவான். திரும்பிப் போய் வண்டியை எடுத்தாள். பின்பக்கமாகவே சாலைக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, நீளமாக ஹாரன் அடித்தாள். அப்புறம் ஒரு பாம்பு கல்லுக்கடியில் நுழைகிற நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போனபோது எல்டன் நாற்காலியில் இருந்தான், மடியில் கம்பளி. வீடெல்லாம் வெண்ணெயில் பொரித்த முட்டை வாசனை. அவன் அவள் கையைப் பார்த்தான். கை காலியாக இருந்தது. முழங்காலைப் பார்த்தான். இரண்டிலும் குன்றின் கரி அப்படியே ஒட்டியிருந்தது.

"ரொட்டி எங்க?" என்றான்.

"வாங்கல."

  டிவியில் யாரோ பந்தை அடித்தார்கள்.

"பாம்பு உயிரோட இருந்துச்சு," என்றாள் நோரீன். "அடுத்த சனிக்கிழமையும் போறேன். மே முடியற வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் போறேன்."

"நான் தனியா என்ன பண்ணுவேன் நோரீ?"

"முட்டை பிரிட்ஜில இருக்கு."

எல்டன் கம்பளியின் நூலைப் பிடித்து இழுத்தான். காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவள் ரொட்டி வாங்க வண்டிச் சாவியை மறுபடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது, தலையைத் தூக்காமல் சொன்னான்.

"உப்பு தீந்துடுச்சு."

"சரி," என்றாள் நோரீன். "வாங்கிட்டு வர்றேன்."