மூக்கு வழியே இறங்கியது

என் மருமகள் குடிக்கிறாள் என்று சொன்ன வாய்க்குக் கண் இருந்ததா? எதிர்வீட்டுக்காரி சொன்னாளாம், தெருவே தலையாட்டியதாம். 'ஸ்பிரிட்டு' என்று பட்டப்பெயர் வேறு. தள்ளாடினாள், வாஸ்தவம். மேலெல்லாம் நெடி அடித்தது, அதுவும் வாஸ்தவம். ஆனால் அவள் தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கியதில்லை. எல்லாம் மூக்கு வழியாக இறங்கியது.

என் மகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். அதனால் கல்யாணமாகி வந்த வருஷமே அவள் டிரை கிளீனிங் கடைக்கு வேலைக்குப் போனாள். பின்னறையில் கறை எடுக்கிற வேலை. எண்ணெய்க் கறை தண்ணீருக்கு மசியாது, பெட்ரோலுக்கு மசியும். பேனா மைக்கு ஸ்பிரிட். நகப்பூச்சுக்கு அசிட்டோன். எது எதில் கரையும் என்று பார்ப்பது சம்பந்தம் பேசுவது மாதிரி. பொருத்தம் தப்பினால் கறையோடு துணியும் சேர்ந்து போய்விடும். எந்தத் துணியானாலும் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் அவள் கறையில் கை வைக்கமாட்டாள்.

அந்த அறைக்குள் நுழைந்தாலே நெடி மூக்கைப் பிளக்கும். அசிட்டோன் திறந்த தட்டில் நிற்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறந்துவிடும். காற்றுப் பட்டால் இன்னும் சீக்கிரம் பறக்குமென்று முதலாளி சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் கழற்றிவிட்டார். அடைத்தால் பறக்காமல் இருக்குமா? பறந்ததெல்லாம் அவள் நெஞ்சுக்குள் போயிற்று. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால், சோறே நாறுகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். முதலாளியோ வாசல் பக்கம் காற்றாட, சட்டையில் அத்தர் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழுக்குக்கு மேலே அத்தர். தூ.

அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மருமகள் தலை சுற்றுகிறதென்று பின்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி தன் மகளின் பளபளப்புக் கவுனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். முன்பக்கம் நகப்பூச்சு கொட்டியிருந்தது. உடனே வேண்டுமாம்.

"உள்மடிப்புல ஒரு சொட்டு வச்சுப் பாத்துடறேன், இருங்க" என்று மருமகள் எழுந்திருப்பதற்குள், முதலாளி டப்பாவில் மிச்சமிருந்த அசிட்டோனைத் தட்டில் கவிழ்த்துத் தானே தேய்த்தார். நகப்பூச்சு போயிற்று. அசிட்டோனில் கரைகிற ரகத் துணி, அதுவும் போயிற்று. கஞ்சிப்பசை மாதிரி இளகி அவர் விரல்களில் அப்பிக்கொண்டது. கவுனில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறுகையில் கவுனோடு வாசலுக்குப் போனார் மனுஷர்.

"என்னம்மா பண்றது, இந்தப் பொண்ணு காலைலயே ஊத்திக்கிட்டு வந்துடுது. பாவமேன்னு வச்சிருக்கேன்."

எதிர்வீட்டுக்காரி விடுவிடுவென்று உள்ளே வந்து, மீன் வாங்குகிறவள் மாதிரி என் மருமகளை முகர்ந்து பார்த்தாள். நெடிதான் அடித்ததே, போதாதா? தேய்த்தது அவர்தான், நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். மாமியார் மருமகளுக்குப் பரிந்து பேசினால் யார் நம்புகிறார்கள்? வெகுநேரம் கத்திவிட்டு, எதிர்வீட்டுக்காரி சேதியைத் தெருவுக்குச் சுமந்துகொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் முதலாளி என் மருமகளிடம் குழைந்தார். வாடிக்கைக்காரியிடம் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும், மனசில் வைத்துக்கொள்ளாமல் நாளைக்கு வா என்றார். சொல்லிக்கொண்டே குழாயடியில் சோப்புப் போட்டு விரலைத் தேய்த்தார். அசிட்டோன் பறந்துபோய், துணிப்பசை மட்டும் விரல்களைச் சேர்த்துப் பிடித்து இறுகியிருந்தது. தண்ணீருக்கா அது அசையும்? மறுபடி அசிட்டோன் பட்டால்தான் இளகும். தட்டைப் பார்த்தார். ஈரம்கூட இல்லை. டப்பாவைக் குலுக்கினார்.

"மிச்சம் எங்கம்மா?"

"நான்தான் குடிச்சிட்டேனே" என்றாள் மருமகள்.

பின்னறைக்குள் போய், அடைத்திருந்த சன்னல்களைத் தள்ளித் திறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வேலைக்காரர்கள் புழங்கக்கூடாத முன்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். சாப்பாட்டுத் தூக்கோடு நான் பின்னாலேயே போனேன்.