இருண்ட திரையில் பத்மா அக்காவின் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை பூஜைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் பத்மா அக்காவின் மகள் கவிதா. "ஆன்ட்டி, அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்றார். நாரைக் கீழே வைத்தேன். பாதி தொடுத்த அந்தப் பூவை அன்றைக்குச் சாமிக்குப் போடவில்லை.

மறுநாள் ஃபெர்ரி ஏறிப் போய் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். துக்க வீட்டில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாதல்லவா, யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கினேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு, முதல் வேலையாகக் கணினியைப் போட்டேன். கோயில் அர்ச்சனைப் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுக்க வேண்டும். அப்படி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கணினி உறுமியது. மானிட்டரின் பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பும் அது இப்படித்தான் இருண்டது. அக்கா எனக்குப் பழக்கமானதே அதனால்தான். அவரை அறியாதவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் வழிபாட்டுக் குழுவினர் பெயரில் அர்ச்சனை நடக்கும். பெயரும் நட்சத்திரமும் போட்ட பட்டியலைக் குருக்கள் ஐயா சன்னதியில் வாசிப்பார். அதைத் தட்டெழுதித் தருவது என் கைங்கரியம். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மகன் வேண்டாமென்று விட்டுப்போன கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித்தட்டிப் படித்துக்கொண்டேன். யார் எந்த வரியில் இருக்கிறார் என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த வாரம் எங்கள் ஃப்ளாட்டில் கீழ் மாடிக்காரரான சிவலிங்கம் அண்ணன் காலமாகியிருந்தார். அவர் பெயரை எடுக்க உட்கார்ந்தபோது திரை அணைந்துவிட்டது. கோயிலுக்கு நேரமாகிவிட்டது. நாற்பத்தாறாம் வரி என்பதுதான் எனக்குத் தெரியுமே என்ற அகந்தையில், இருட்டிலேயே விசையை எண்ணி அழுத்தி, ஒரு வரியை அழித்து, அச்செடுத்து, தாளைப் பிரித்தும் பார்க்காமல் ஓடினேன். சன்னதியில்தான் விளங்கியது. குருக்கள் "சிவலிங்கம், பூராடம்" என்று வாசித்தார். அடுத்து வரவேண்டிய அவர் மனைவி பத்மா அக்காவின் பெயர் வரவில்லை. ஒரு வரி தப்பி, இருப்பவரை எடுத்துவிட்டு இறந்தவரை விட்டிருந்தேன்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினேன். பத்மா அக்கா கதவைத் திறந்து, என்னை உட்காரவைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"நேத்து ஏழு மணிக்கு பாத்ரூம்ல தண்ணி விழுற சத்தம். அவரு வேலை முடிஞ்சு வந்து கால் கழுவுவாரே, அதே மாதிரி. போய்ப் பாத்தா தரை மட்டும் ஈரமா இருக்கு."

அர்ச்சனையைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வரத்தானே செய்வாரு" என்றார். பிறகு, "என்னைக் கூப்பிடல, அதான் நான் வீட்டுலயே இருந்துட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மின்பலகைகளுக்கு ஈயப் பற்றவைப்பு செய்த கை அவருடையது. ஆட்குறைப்பில் வெளியே வந்த பிறகு சமையலறை மேசையிலேயே பழுதுபார்க்கத் தொடங்கியிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் மணியை அடிக்க மாட்டார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரும்புக் கதவில் இரண்டு தட்டு. அன்று மத்தியானமே அந்த இரண்டு தட்டு என் வீட்டுக் கதவில் விழுந்தது.

புது மானிட்டர் வாங்குவதா, இதையே சரிசெய்வதா என்று கேட்டேன். அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டு, டார்ச்சைக் கறுப்புத் திரையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தார். குளத்தின் அடியில் கிடப்பதுபோல எழுத்துகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வெளிச்சம் முதலில் விழுந்த இடத்தில் அவர் கணவரின் பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் டார்ச்சை அசைக்கவேயில்லை.

"உள்ளே படம் இருக்குலா. பின்னால வெளிச்சம்தான் செத்துப்போச்சு. இது பொழைக்கும்."

அக்காவிடம் இரண்டு தீர்ப்புகள்தான் உண்டு. டார்ச்சில் படம் தெரிந்தால் "பொழைக்கும்". தெரியாவிட்டால் "போயிருச்சு, அழுதுட்டு வீசு". என்னுடையதற்கு வீங்கிப்போன மூன்று கப்பாசிட்டர்களை மாற்றினார். திரை எரிந்ததும் கணவரின் வரியைத் தம் கையாலேயே அழித்து, தம் பெயரை என்னிடம் சொல்லி அடிக்கவைத்தார்: பத்மாவதி, கேட்டை.

முட்டி வலி முற்றி, போன வருடம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கணவரை விசாரிப்பதற்கு முன்பே மானிட்டரை விசாரித்தார். பிறகு, "நான் போனா மொத வேலையா என் பேரை எடுத்துரு. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஃபெர்ரி ஏறி அவ்வளவு தூரம் யாரு வர்றது?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீ கூப்பிட்டா வந்துருவேன் லெட்சு. அதான் சொல்றேன்."

இந்த வாரம் பழுதுபார்க்க அக்கா இல்லை. கடையில் கேட்டால், ஒரு வாரம் ஆகும், புதிதாகவே வாங்குங்கள் என்றார்கள். செபராங் ஜெயாவில் இருக்கும் மகன், சனிக்கிழமை புது மானிட்டர் கொண்டுவருவதாகச் சொன்னான். அர்ச்சனையோ வெள்ளிக்கிழமை. பழைய தாளிலேயே பேனாவால் அடித்துவிடச் சொன்னார் என் கணவர். அடித்த பெயரைச் சன்னதிக்குள் கொண்டுபோக என் மனம் ஒப்பவில்லை.

வெள்ளி மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன். ஓரத்தில் சாய்த்துப் பிடித்தேன். படம் இருந்தது. அந்த வெளிச்சத்திலேயே பட்டியலைத் திறந்து வரிவரியாக இறங்கினேன். பத்மாவதி, கேட்டை. மூன்று முறை வாசித்து உறுதி செய்துகொண்டேன். விரல் விசைமேல் இருந்தது, அழுத்த வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று அவரே சொன்னாரே.

அப்போது இரும்புக் கதவில் இரண்டு தட்டு கேட்டது.

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அம்பாள் பெயரைச் சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினேன். கீழிருந்த வரி மேலே ஏறி அந்த இடத்தை மூடியது. அதன் பிறகு கதவில் சத்தமில்லை.

சாயங்காலம் சன்னதியில் குருக்கள் ஐயா வாசித்தார். பல வருடப் பழக்கம். அந்த இடத்தில் அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது. தாளைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் கறுப்பு மட்டும்தான். அடியில் ஒன்றுமே இல்லை. அக்காவின் இரண்டாவது தீர்ப்பு நினைவுக்கு வந்தது. அதன்படியே முதலில் அழுது முடித்தேன்.

மகன் வந்து புதியதை மாட்டினான். பழையதைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வர்றேம்மா" என்று வாசலில் நின்றான். நான் பதில் சொல்லவில்லை. முதலில் அதைக் கீழே அவன் ஓட்டிவந்த காடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு மேலே வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே லிஃப்டுக்குப் போனான். திரும்பி வந்த பிறகுதான் அவனிடம் "போயிட்டு வாப்பா" என்றேன்.

மேலிருந்து பார்த்தேன். காடியின் பின் கண்ணாடிக்குள் அந்தக் கறுப்புத் திரை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. காடி முனை திரும்பும்வரை நின்றேன்.

அக்கா, சொன்னபடி செய்துவிட்டேன். இனி உங்களைக் கூப்பிட மாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.